பெக் சேர்த்த புரத மருந்தின் பாதுகாப்பை மதிப்பிடுவது எப்படி: படிப்படியான முழு வழிகாட்டி

புரதத்தோடு பாலிஎத்திலீன் கிளைக்கால் இழையை இணைத்துச் செய்த மருந்தை நச்சியல் ஆய்வுக்குக் கொண்டுபோகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். அந்த இழையைத் துறையில் எல்லோரும் பெக் என்றுதான் சொல்கிறோம். பெக்ஃபில்கிராஸ்டிம், பெக்இன்டர்ஃபெரான், பெக்லோடிகேஸ், செர்டோலிசுமாப் பெகால் எல்லாம் இந்தக் குடும்பம்.

புதிதாக வருகிறவர்கள் தடுமாறுவது பெரும்பாலும் ஒரே காரணத்தால். இதைச் சாதாரணப் புரத மருந்து போலவே நடத்துகிறார்கள். புரதத்தை மட்டும் அளக்கிறார்கள். புரதத்தின் அரைவாழ்வை வைத்து ஆய்வின் நீளத்தை முடிவு செய்கிறார்கள். ரத்தத்தில் புரதம் இல்லாமல் போனதும் விலங்கு மருந்திலிருந்து விடுபட்டுவிட்டது என்று எழுதிவிடுகிறார்கள். செல்லுக்குள் போன புரதம் அமினோ அமிலங்களாகச் சிதைந்துவிடும். பெரிய பெக் இழை அப்படிச் சிதையாது. அது செல்லிலேயே தங்கி, மெல்ல மெல்லத்தான் வெளியேறும். கீழே வரும் படிகளில் பாதிக்கு மேல் அந்த மிச்சத்தைத் தொடர்ந்து போவதற்காகத்தான்.

வரிசையை மாற்றாதீர்கள். மூன்றாம் படியில் வரும் கணக்கைப் போடாமல் நான்காம், ஐந்தாம் படிக்குப் போனால், டோஸும் குழுவும் தவறாக அமைந்து, ஆறு மாத ஆய்வு முடிந்த பிறகுதான் அது தெரியவரும்.

1. தொடங்குமுன் கையில் இருக்க வேண்டியவை

இந்தத் தகவல்கள் வராமல் புரோட்டோகால் எழுத உட்காராதீர்கள்:

- பெக் இழையின் சராசரி எடை, நேர் இழையா கிளைத்த இழையா, ஒரு புரத மூலக்கூறில் எத்தனை இழைகள்
- இணைந்திருக்கும் இடம்: அமினோ முனையா, லைசின்களில் பரவலாகவா, சிஸ்டீனிலா, சர்க்கரைச் சங்கிலியிலா
- இணைப்பான் எது, உடலில் அது அறுபடுமா
- இணையாத பெக், இணையாத புரதம், இரட்டை மூலக்கூறு ஆகியவற்றின் சதவீதம், ஒவ்வொரு பேட்சுக்கும்
- மனிதருக்கு உத்தேச டோஸ், எத்தனை நாளுக்கு ஒருமுறை, எத்தனை காலம், யாருக்கு

கடைசி வரிதான் அதிகமாக விடுபடுகிறது. நாலைந்து கீமோ சுழற்சிக்குத் தரும் மருந்தும், ஹீமோஃபிலியாக் குழந்தைக்கு வாழ்நாள் முழுக்க வாரந்தோறும் தரும் மருந்தும் ஒரே பெக் இழையைச் சுமந்தாலும் கேள்விகள் வேறு.

எடை விவரம் வரும்போது, அதை எந்த முறையில் அளந்தார்கள் என்று கேளுங்கள். பெக் இழை தண்ணீரை இழுத்து வைத்துக்கொண்டு விரிந்து நிற்கும். அதனால் ஜெல் வடிகட்டல் குரோமடோகிராஃபியில் அது உண்மை எடையைவிடப் பல மடங்கு பெரிதாகத் தெரியும். மாஸ் ஸ்பெக்ட்ரோமெட்ரியில் வந்த எடையைக் கேட்டு வாங்குங்கள்.

2. மருந்தைத் துண்டு துண்டாகப் பிரித்து எழுதுங்கள்

ஒரு தாளில் நான்கு தலைப்பு: புரதம், பெக், இணைப்பான், முழு மூலக்கூறு. ஒவ்வொன்றின் கீழும் அதனால் வரக்கூடிய ஆபத்தை மட்டும் எழுதுங்கள்.

கவுட் மூட்டுநோய்க்கான பெக்லோடிகேஸை எடுத்துக்கொள்வோம். புரதம் யூரிகேஸ்; யூரிக் அமிலத்தை உடைக்கும்போதே ஹைட்ரஜன் பெராக்சைடை உண்டாக்கும். ஆகவே ஜி6பிடி (சிவப்பணுக்களைப் பாதுகாக்கும் நொதி) குறைபாடு உள்ளவர்களின் சிவப்பணுக்கள் உடையும். அவர்களுக்கு இந்த மருந்து கூடாது. இது புரதத்தின் வேலையால் வரும் ஆபத்து, பெக்குக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. பெக் தலைப்பின் கீழ் வருவது ஆன்டிபாடி. முழு மூலக்கூறின் கீழ் வருவது, அந்த ஆன்டிபாடி ஒட்டியதும் மருந்து ரத்தத்திலிருந்து வேகமாக நீங்குவதும், ஊசி ஏற்றும்போது எழும் ஒவ்வாமையும்.

இப்படிப் பிரித்து எழுதிவிட்டால், ஆய்வில் ஒரு மாற்றம் தெரியும்போது அது எந்தத் துண்டால் வந்தது என்று தேட ஓர் இடம் இருக்கும். இல்லாவிட்டால் எல்லாப் பழியும் 'மருந்து' என்ற ஒற்றைச் சொல்லின் மேல் விழும்.

3. பெக் சுமையை மோல் கணக்கில் போடுங்கள்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு படியைத்தான் செய்ய நேரம் இருக்கிறது என்றால் இதைச் செய்யுங்கள்.

முதல் கேள்வி: லேபிளில் உள்ள மில்லிகிராம் எதன் எடை? புற ஊதா ஒளியில், 280 நானோமீட்டரில், புரதம் தெரியும், பெக் தெரியாது. அதனால் பல மருந்துகளில் டோஸைப் புரதத்தின் எடையாக மட்டும் எழுதுகிறார்கள். சில மருந்துகளில் முழு மூலக்கூறின் எடை. இரண்டையும் கலந்துவிட்டால் கணக்கு இரண்டு முதல் நான்கு மடங்கு வரை பிசகும்.

கணக்குக்கு ஒரு வசதி உண்டு: மில்லிகிராமைக் கிலோடால்டனால் வகுத்தால் விடை நேராக மைக்ரோமோலில் வரும்.

பெக்ஃபில்கிராஸ்டிம். டோஸ் 6 மி.கி., அது புரத எடை. புரதம் 18.8 கிலோடால்டன், பெக் 20 கிலோடால்டன், மூலக்கூறுக்கு ஓர் இழை. 6-ஐ 18.8-ஆல் வகுத்தால் 0.32 மைக்ரோமோல். அதோடு போகும் பெக் 6.4 மி.கி. ஆக, ஊசியில் இருக்கும் பெக், லேபிளில் உள்ள மருந்தைவிடக் கொஞ்சம் அதிகம். 60 கிலோ எடையுள்ளவருக்கு ஒரு சுழற்சியில் கிலோவுக்கு 0.005 மைக்ரோமோல்.

செர்டோலிசுமாப் பெகால். இங்கே 400 மி.கி. என்பது முழு மூலக்கூறின் எடை, சுமார் 91 கிலோடால்டன். அதில் பெக் 40. 400-ஐ 91-ஆல் வகுத்தால் 4.4 மைக்ரோமோல், அதாவது 176 மி.கி. பெக். 60 கிலோவுக்கு, தொடர் சிகிச்சையில் மாதம் கிலோவுக்கு 0.07 மைக்ரோமோல். ஆரம்பத்தில் 0, 2, 4-ஆம் வாரங்களில் மூன்று முறை 400 மி.கி. தருகிறார்கள். ஆகவே முதல் மாதத்தில் அது 0.22 ஆகிறது. சராசரி மாதத்தை மட்டும் போட்டு, இந்த ஆரம்ப டோஸ்களை விட்டுவிடுவது அடிக்கடி நடக்கும் பிழை.

பெக்லோடிகேஸ். டோஸ் 8 மி.கி., இதுவும் புரத எடைதான். நான்கு துணை அலகுகள் சேர்ந்த யூரிகேஸ் சுமார் 137 கிலோடால்டன்; பெக்கோடு சேர்ந்த மொத்தம் சுமார் 540. மீதி 400 கிலோடால்டன் பெக், ஒவ்வொன்றும் 10 கிலோடால்டன் இழைகள். அப்படியானால் 8 மி.கி. டோஸோடு ஏறத்தாழ 23 மி.கி. பெக் போகிறது. 8 மி.கி.யை முழு எடை என்று எடுத்துக்கொண்டவருக்கு 6 மி.கி.தான் விடையாக வரும்.

சரி, இந்த எண்களை எதனோடு ஒப்பிடுவது? ஐரோப்பிய மருந்து முகமையின் பாதுகாப்புப் பணிக்குழு, குழந்தைகளுக்கான பெக் மருந்துகள் பற்றி 2012-ல் தந்த கருத்துதான் நடைமுறையில் எல்லோரும் பிடித்துக்கொள்ளும் அளவுகோல். 40 கிலோடால்டனும் அதற்கு மேலும் உள்ள பெக், மாதம் கிலோவுக்கு 0.4 மைக்ரோமோலும் அதற்கு மேலும் போனபோது, விலங்குகளின் மூளை அறைகளை மூடியிருக்கும் எபெண்டைமா செல்களில் வாக்குவோல்கள் (செல்லுக்குள் உருவாகும் குமிழிகள்) தென்பட்டன. 40 கிலோடால்டன் இழையில் 0.4 மைக்ரோமோல் என்றால் கிலோவுக்கு 16 மி.கி. பெக்.

இந்த எண்ணைப் பாதுகாப்பு வரம்பாக எழுதிவிடாதீர்கள். அதற்குக் கீழே போனால் ஆபத்தே இல்லை என்று அது சொல்லவில்லை. மூளையை எந்த அளவுக்கு ஊன்றிப் பார்க்க வேண்டும் என்பதற்கு அது ஒரு வழிகாட்டி. 10 கிலோடால்டன் இழைகளுக்கு அதை அப்படியே பொருத்தவும் முடியாது. அதனால் உங்கள் அட்டவணையில் மோல், மொத்த மில்லிகிராம், இழையின் எடை மூன்றுக்கும் தனித்தனிப் பத்தி வைத்துக்கொள்ளுங்கள். விலங்கு டோஸுக்கும் அதே மூன்று.

4. விலங்கைத் தேர்வது

உயிரித் தொழில்நுட்ப மருந்துகளின் பாதுகாப்பு ஆய்வுக்கான சர்வதேச வழிகாட்டுதல் ஐசிஎச் எஸ்6 சொல்வது இங்கேயும் பொருந்தும்: மருந்து வேலை செய்யும் விலங்கில்தான் ஆய்வு. பெக் சேர்த்த பிறகு இதை மறுபடி சோதிக்க வேண்டும். இழை, ஏற்பியோடு புரதம் ஒட்டும் முகத்தை மறைத்துவிடலாம். பெக்இன்டர்ஃபெரான் ஆல்ஃபா-2ஏ ஆய்வுக்கூடச் சோதனையில் வெறும் இன்டர்ஃபெரானின் செயல்திறனில் சுமார் 7 சதவீதத்தைத்தான் காட்டும். ரத்தத்தில் நீண்ட நேரம் தங்குவதால் உடலில் அது ஈடாகிறது. பழைய, பெக் இல்லாத புரதத்தின் ஒட்டுதல் எண்களை வைத்து விலங்கைத் தேர்ந்தால் தொடக்கமே சறுக்கும்.

இன்னொரு சிக்கல், மனிதப் புரதத்துக்கு எதிராக விலங்கு ஆன்டிபாடி உண்டாக்குவது. மூன்று நான்கு வாரத்தில் மருந்து ரத்தத்தில் காணாமல் போகும். ஆறு மாத ஆய்வில் ஐந்து மாதம் விலங்குக்கு மருந்தே சேரவில்லை என்று ஆகிவிடும். ரத்தம் உறைதலுக்கான ஒன்பதாம் காரணியில் பெக் சேர்த்த நோனாகாக் பீட்டா பெகாலுக்கு இதை ஒரு நல்ல வழியில் தீர்த்தார்கள்: நோயெதிர்ப்பு குறைந்த எலிகளில் 26 வார ஆய்வு. ஆன்டிபாடி குறுக்கே வராததால் பெக் எங்கே போய்ச் சேருகிறது என்பதை நீண்ட காலம் பார்க்க முடிந்தது. கோராய்டு பிளெக்ஸஸ் மேலணிச் செல்களில் பெக் இருப்பது அதில் தெரிந்தது. மூளைத் தண்டுவட நீரைச் சுரக்கும் திசு அது.

ஒரு மருந்துக்கு இரண்டு கேள்விக்கு இரண்டு வெவ்வேறு விலங்குகள் என்று போவதில் தவறே இல்லை. புரதத்தின் விளைவுக்குக் குரங்கு, பெக் சேர்வதற்கு எலி என்று காரணத்தோடு எழுதினால் போதும்.

5. குழுக்களும் காலமும்

வாகனக் குழு (மருந்து இல்லாமல் அதன் கரைசலை மட்டும் பெறும் விலங்குகள்), மருந்தின் மூன்று டோஸ் என்பது எப்போதும் உள்ளது. கூடவே 'பெக் மட்டும்' குழு வேண்டுமா என்ற கேள்வி ஒவ்வொரு கூட்டத்திலும் எழும்.

என் கருத்து: புதிய இழை, புதிய கிளை வடிவம், வேறொரு பாலிமர் என்றால் வேண்டும். பல மருந்துகளில் பயன்பட்ட இழை என்றால் அந்த விலங்குகளை வீணாக்க வேண்டாம். இருந்தாலும் ஒன்றைக் கவனியுங்கள். தனியாகப் போகும் பெக்கும் புரதத்தோடு போகும் பெக்கும் உடலில் ஒரே இடத்துக்குப் போவதில்லை. புரதம் ஏற்பியில் ஒட்டி, இழையையும் கூடவே செல்லுக்குள் இழுத்துக்கொண்டு போகும். அதனால் 'பெக் மட்டும் குழுவில் ஒன்றும் இல்லை' என்பதை, மருந்திலும் ஒன்றும் வராது என்பதற்குச் சான்றாக வைக்க முடியாது.

பெக் இல்லாத புரதக் குழுவிலும் இதே மாதிரி ஒரு பொறி உண்டு. சம டோஸ் கொடுத்தாலும் சம அளவு ரத்தத்தில் இருக்காது, அது சில மணி நேரத்தில் போய்விடும். ஒப்பீட்டை ரத்த அளவின் பரப்பில் (நேரத்துக்கு எதிராக ரத்த அளவை வரைந்த கோட்டின் கீழுள்ள பரப்பு) செய்யுங்கள், டோஸில் செய்யாதீர்கள்.

உச்ச டோஸை முடிவு செய்யும்போது மூன்றாம் படியின் அட்டவணையைத் திறந்து வையுங்கள். புரதத்தின் விளைவு உச்சத்தைத் தொட்டாலே போதும் என்று நிறுத்தினால் பெக்குக்கான இடைவெளி போதாமல் போகலாம்.

மீட்புக் காலம்தான் அதிகமாகக் குறைத்து எழுதப்படுகிறது. புரதத்தின் ஐந்து அரைவாழ்வு என்று வழக்கமான கணக்கைப் போட்டு நான்கு வாரம் வைத்தால், 40 கிலோடால்டன் இழைக்கு அது போதாது. நான்கு வாரம் கழித்தும் வாக்குவோல்கள் அப்படியே இருக்கும். அறிக்கையில் 'மீளவில்லை' என்று எழுத வேண்டிவரும். பிறகு அதற்குப் பதில் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும். மூன்று மாதமாவது வையுங்கள். முடிந்தால் மீட்பு விலங்குகளை இரண்டு கட்டமாகப் பிரியுங்கள். முழுதும் மறையாவிட்டாலும் குறைந்துகொண்டு வருகிறது என்ற போக்கு தெரிந்தால் அதுவே நல்ல பதில்.

6. ரத்தத்திலும் திசுவிலும் எதை அளப்பது

மூன்று பொருள்கள்: முழு மூலக்கூறு, பெக் இழந்த புரதம், மொத்த பெக். இரண்டு முனையிலும் புரதத்தைப் பிடிக்கும் எலைசா (ஆன்டிபாடி கொண்டு தட்டில் அளக்கும் சோதனை) முதல் இரண்டையும் பிரித்துச் சொல்லாது. ஒரு முனையில் பெக்கையும் மறுமுனையில் புரதத்தையும் பிடிக்கும் எலைசா முழு மூலக்கூறைச் சொல்லும். மொத்த பெக்குக்கு என்எம்ஆர் ஒரு நல்ல கருவி. இழையில் ஒரே அலகு திரும்பத் திரும்ப வருவதால் 3.7 பிபிஎம் பக்கம் ஒற்றைக் கூர்முனையாகத் தெரியும். இழை குட்டையாக இருந்தால் எல்சி-எம்எஸ் (குரோமடோகிராஃபியோடு மாஸ் ஸ்பெக்ட்ரோமெட்ரி) முறையும் கைகொடுக்கும்.

கதிரியக்கக் குறியிட்டுச் செய்யும் பரவல் ஆய்வில், குறி எந்த இடத்தில் என்பதுதான் எல்லாம். அயோடின்-125 புரதத்தின் டைரோசினில் உட்காரும். செல்லுக்குள் புரதம் உடைந்ததும் அயோடின் சிறுநீரில் போய்விடும், படத்தில் திசு காலியாகத் தெரியும். பெக் அங்கேயே இருக்கும்! பெக்கைப் பின்தொடர வேண்டுமானால் கார்பன்-14 குறியை இழையில் வைக்கச் சொல்லுங்கள். செலவு கூடும், தயாரிப்புக்கு நாள் எடுக்கும்; அதனால் இதை முதல் மாதமே ஆர்டர் செய்ய வேண்டும்.

7. ஸ்லைடில் வாக்குவோலைப் படிப்பது

பெரிய பெக்கை விழுங்கிய செல், லைசோசோமில் அதைச் சேர்த்து வைக்கும். தண்ணீரும் கூடவே இழுபடும், குமிழி பெருக்கும். முதலில் தெரிவது மண்ணீரல், நிணநீர் முடிச்சு, கல்லீரலின் குஃப்பர் செல் போன்ற மேக்ரோஃபேஜ்களில். அப்புறம் சிறுநீரகக் குழல் மேலணி, கோராய்டு பிளெக்ஸஸ் மேலணி, எபெண்டைமா.

இந்த வரிசையே ஒரு அளவுகோல். மேக்ரோஃபேஜின் வேலையே விழுங்குவது. அங்கே நுரைத்த சைட்டோபிளாசம் தெரிந்தால் அது பெரும்பாலும் உடல் துப்புரவு செய்வதன் அடையாளம். மேலணிச் செல்லுக்கு வேறு வேலை இருக்கிறது: வடிகட்டுவது, சுரப்பது. அங்கே குமிழி நிறைந்தால் கேள்வியின் எடை கூடும்.

புரோட்டோகாலில் எழுதியே ஆக வேண்டியவை சில. கோராய்டு பிளெக்ஸஸ் வழக்கமான மூளை வெட்டுகளில் தற்செயலாகத்தான் சிக்கும். எந்த அறை, எந்த மட்டம் என்று குறிப்பிட்டு, எல்லா விலங்கிலும், வாகனக் குழு உட்பட, வெட்டச் சொல்லுங்கள். உச்ச டோஸ் விலங்குகளில் மட்டும் திசு சிக்கி, ஒப்பிடக் கட்டுப்பாட்டுக் குழுவில் ஸ்லைடே இல்லாமல் திண்டாடுவதைப் பார்த்திருக்கிறேன். கட்டையை மறுபடி வெட்டலாம்தான். ஆனால் அந்த மெல்லிய திசு முதல் வெட்டிலேயே தீர்ந்திருக்கும்.

வழக்கமான எச் அண்ட் ஈ சாயத்தில் குமிழி காலியாக, வெள்ளையாகத் தெரியும், ஏனெனில் திசுவைப் பதப்படுத்தும்போதே பெக் கரைந்து வெளியேறிவிடுகிறது. காலியாகத் தெரிவதெல்லாம் பெக் இல்லை. கொழுப்பும் அப்படித்தான் தெரியும்; உறைந்த வெட்டில் ஆயில் ரெட் ஓ போட்டுப் பிரிக்கலாம். பாஸ்போலிப்பிட் சேர்க்கை என்றால் எலக்ட்ரான் நுண்ணோக்கியில் வெங்காயத் தோல் போன்ற அடுக்குகள் தெரியும். ஃபார்மலினில் போடத் தாமதமானால் வரும் சிதைவுக் குமிழிகள் வாகனக் குழுவிலும் இருக்கும். பெக்கைப் பிடிக்கும் ஆன்டிபாடி கொண்டு செய்யும் திசுச் சாயம், குமிழியின் ஓரத்தில் மிஞ்சியிருக்கும் பெக்கைக் காட்டும். குமிழி உருவாகாத செல்லிலும் காட்டும். ஆகவே சாயத்தில் பெக் இருப்பதும் வாக்குவோல் இருப்பதும் இரண்டு தனித் தகவல்கள். அறிக்கையில் தனித்தனியாக எழுதுங்கள்.

பேத்தாலஜிஸ்ட் ஒவ்வொரு திசுவுக்கும் இந்தக் கேள்விகளுக்குப் பதில் தர வேண்டும்: எந்த வகைச் செல்? உட்கரு ஓரத்துக்குத் தள்ளப்பட்டிருக்கிறதா? செல் செத்திருக்கிறதா, அழற்சி உண்டா, திசு மறுபடி வளர முயல்கிறதா? அந்த உறுப்பின் வேலையில் மாற்றம் உண்டா? சிறுநீரகக் குழலில் குமிழி, ஆனால் கிரியாட்டினினும் சிறுநீர்ப் புரதமும் இயல்பு, செல் சாவு இல்லை, மீட்புக் காலத்தில் குறைகிறது என்றால், அதைத் தீங்கில்லாத மாற்றமாகக் கொள்ள வாதம் இருக்கிறது. கோராய்டு பிளெக்ஸஸில் அதே குமிழி, மருந்தோ வாழ்நாள் முழுக்கக் குழந்தைகளுக்கு என்றால், அந்த வாதத்தை அவ்வளவு எளிதாக ஏற்க எனக்கு மனம் வராது. ரத்தப் பரிசோதனை போல மூளையின் அந்தப் பகுதிக்கு எளிய அளவீடு எதுவும் கையில் இல்லை. நோனாகாக் பீட்டா பெகாலின் மருத்துவ டோஸ் 0.4 என்ற அளவுக்கு வெகு கீழே இருந்தும், 2017-ல் ஐரோப்பாவில் அனுமதி கிடைத்தபோது அது 12 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களுக்கு என்றுதான் இருந்தது.

8. பெக்குக்கு எதிரான ஆன்டிபாடி

பெக் நோயெதிர்ப்பு மண்டலத்தின் கண்ணில் படாது என்று பாடப்புத்தகத்தில் படித்துவிட்டு வருகிறார்கள். பெக்லோடிகேஸ் அதைத் தெளிவாகப் பொய்யாக்கியது. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை மருந்து எடுத்தவர்களில் 42 சதவீதம் பேருக்குத்தான் ஆறு மாதம் வரை யூரிக் அமிலம் கட்டுக்குள் நின்றது. மற்ற பலரிடம் பெக்கைக் குறிவைத்த ஆன்டிபாடிகள் எழுந்து மருந்தை விரட்டின. கூடவே மெத்தோட்ரெக்சேட் தந்த சோதனையில் அந்த வெற்றி 71 சதவீதம், தராத பக்கம் 39. எதிர்ப்பை அடக்கினால் மருந்து நிற்கிறது என்பதற்கு இதைவிட நேரடியான சான்று வேண்டியதில்லை.

ஆன்டிபாடிச் சோதனையை அமைக்கும்போது விழும் குழிகள்:

முதலாவது ட்வீன்-20 என்ற சோப்புப் பொருள். எந்த எலைசா ஆய்வகத்திலும் கழுவும் கரைசலில் அது இருக்கும். அதன் மூலக்கூறிலேயே பெக் சங்கிலிகள் உண்டு. பெக்கைத் தேடி வந்த ஆன்டிபாடியை ட்வீன் பிடித்துக்கொள்ளும். தட்டில் ஒன்றும் ஒட்டாது. எல்லோருக்கும் 'நெகட்டிவ்' என்று முடிவு வரும். கழுவும் கரைசல், தடுப்புக் கரைசல், நீர்க்கும் கரைசல் மூன்றிலிருந்தும் ட்வீனையும் ட்ரைட்டானையும் எடுத்துவிடுங்கள். சேப்ஸ் போன்ற பெக் இல்லாத சோப்புப் பொருளைப் பயன்படுத்தலாம். ஆயத்தக் கிட் வாங்கினால் அதன் கரைசல்களின் உள்ளடக்கத்தைக் கேட்டு எழுதி வாங்குங்கள். ஏழாம் படியின் திசுச் சாயத்துக்கும் இதே எச்சரிக்கைதான்.

இரண்டாவது, மருந்தைத் தொடாதவர்களிடமே இருக்கும் ஆன்டிபாடி. பெக் கிரீமிலும் மலமிளக்கியிலும் மாத்திரை மேல்பூச்சிலும் இருக்கிறது. 'பாசிட்டிவ்' என்று சொல்லும் வெட்டுப்புள்ளியை நலமான தன்னார்வலர் 50 பேரை வைத்து வகுக்கும்போது அவர்களில் சிலரே பாசிட்டிவ். அவர்களையும் சேர்த்தால் வெட்டுப்புள்ளி ஏறி, உண்மையான பாசிட்டிவ்கள் நழுவும். போட்டியாகப் பெக்கைச் சேர்த்துச் சமிக்ஞை விழுகிறதா என்று முதலில் பார்த்து, விழுந்தவர்களை விலக்கிவிட்டு வகுங்கள். அமெரிக்க எஃப்டிஏ 2019-ல் தந்த வழிகாட்டுதல் முதல் கட்டத்துக்கு 5 சதவீதப் பொய் பாசிட்டிவ், உறுதிக் கட்டத்துக்கு 1 சதவீதம், உணர்திறன் மில்லிலிட்டருக்கு 100 நானோகிராம் என்று கேட்கிறது.

மூன்றாவது, ஆன்டிபாடி வகைகளில் ஐஜிஜியை மட்டும் பார்ப்பது. திரும்பத் திரும்ப வரும் ஒரே அலகுக்கு எதிராக ஐஜிஎம் என்ற வகை முதலில், வலுவாக எழும். இரண்டையும் அளக்க வேண்டும்.

நான்காவது, ஆன்டிபாடி எதைப் பிடிக்கிறது என்று பிரிக்காமல் விடுவது. முழு மருந்து, வெறும் புரதம், வேறொரு புரதத்தில் ஒட்டிய அதே பெக் மூன்றையும் போட்டியாக வைத்துப் பாருங்கள். சில ஆன்டிபாடிகள் இழையின் நடுவைப் பிடிக்கும், சில அதன் மெத்தாக்சி முனையை மட்டும். புரதத்தைப் பிடித்தால் உடலின் சொந்தப் புரதமும் ஆபத்தில். இழையைப் பிடித்தால் நோயாளி நாளை எடுக்கப்போகும் வேறு பெக் மருந்தும் ஆபத்தில். பின்விளைவு வேறு என்பதால்தான் பிரிக்கிறோம்.

முதல் டோஸிலேயே வரும் அனாஃபிலாக்சிஸ் (உயிருக்கே ஆபத்தான ஒவ்வாமை) தனிக் கதை. ரத்த உறைவைத் தடுக்கும் பெக்நிவாகோஜினின் பெரிய சோதனை கடும் ஒவ்வாமைகளால் 2014-ல் நிறுத்தப்பட்டது. முன்பே பெக் ஆன்டிபாடி அதிகம் இருந்தவர்களிடம் அது வந்தது என்று பின்னர் தெரிந்தது. அது புரதம் இல்லை, நியூக்ளிக் அமில மருந்து. இழை மட்டும் பொது. இதனால்தான் முதல் டோஸுக்கு முன் எடுத்த ரத்த மாதிரியை எல்லா நோயாளியிடமும் சேமித்து வைக்கச் சொல்கிறேன். பிறகு கேட்டால் கிடைக்காது.

ரத்தசோகைக்கான பெக் மருந்து பெகினெசடைடும் நினைவில் இருக்கட்டும். 2012 மார்ச்சில் அனுமதி, 2013 பிப்ரவரியில் திரும்பப் பெறப்பட்டது. காரணம், டயாலிசிஸ் நோயாளிகளிடம் முதல் ஊசியிலேயே அனாஃபிலாக்சிஸ், சில மரணங்களும். சோதனைக் கட்டத்தில் இது வெளிப்படவில்லை. பெரிய சோதனைகளில் பயன்பட்டது ஒற்றை டோஸ் குப்பி. சந்தைக்கு வந்தது பதப்பொருள் சேர்த்த பல டோஸ் குப்பி. பெக் மருந்தில் குப்பியையோ கரைசலையோ மாற்றினால் நுண்துகள் எண்ணிக்கையை மறுபடி அளக்காமல் விடாதீர்கள்.

9. இணைப்பானும் மாசும்

புரத மருந்துக்கு வழக்கமாக மரபணு நச்சுச் சோதனை தேவையில்லை. இணைப்பான் ஒரு கரிம வேதிப்பொருள் என்பதால், கவலைக்குக் காரணம் இருந்தால் சோதிக்கச் சொல்லி ஐசிஎச் எஸ்6 இங்கே கதவைத் திறந்து வைத்திருக்கிறது. உடலில் அறுபடும் இணைப்பான் என்றால் அறுந்த துண்டைத் தனியாகப் பரிசோதியுங்கள்.

மாசுகளில் பார்க்க வேண்டியவை: பெக் தயாரிப்பிலிருந்து எத்திலீன் ஆக்சைடு, டையாக்சேன், இரண்டு முனையும் வினைபுரியும் பெக், இது இரண்டு புரதங்களைச் சேர்த்துப் பிணைத்துவிடும், ஆல்டிஹைடு பெக்கை ஒட்டச் சோடியம் சயனோபோரோஹைட்ரைடு பயன்பட்டிருந்தால் சயனைடு மிச்சம். நச்சியல் ஆய்வுக்குப் போகும் பேட்சில் இவை மனித பேட்சைவிடக் குறைவாக இருக்கக்கூடாது. மிகச் சுத்தமான பேட்சை விலங்குக்கும் சுமாரானதை மனிதருக்கும் அனுப்பினால் ஆய்வின் பாதி பயன் போய்விடும்.

10. மனிதருக்குக் கொண்டுபோகும்போது

பாதுகாப்பு இடைவெளியை இரண்டு முறை கணக்கிடுங்கள். ஒன்று, முழு மூலக்கூறின் ரத்தப் பரப்பில். மற்றது, மாதம் கிலோவுக்கான பெக் மைக்ரோமோலில். இரண்டில் எது குறுகலோ அதுதான் உங்கள் இடைவெளி. குழந்தைகளுக்கு நிலையான மில்லிகிராம் டோஸ் என்றால், எடை குறைந்த குழந்தைக்குக் கணக்கிடுங்கள், சராசரிக் குழந்தைக்கு அல்ல. சிறுநீரகம் பழுதானவர்களில் 20 கிலோடால்டன் இழையும் தேங்கலாம். அவர்களுக்குத் தனி வரி.

நோயாளியிடம் எதைக் கண்காணிப்பது என்பதைச் சோதனை தொடங்கும் முன்பே எழுதுங்கள். இதில் பெக்லோடிகேஸ் நல்ல வழி காட்டுகிறது: ஒவ்வொரு ஊசிக்கும் முன் யூரிக் அமிலம் பார்ப்பது. அடுத்தடுத்து இரண்டு முறை டெசிலிட்டருக்கு 6 மி.கி.க்கு மேல் ஏறினால் ஆன்டிபாடி மருந்தை விரட்டத் தொடங்கிவிட்டது என்று கொண்டு நிறுத்துவதைப் பற்றி யோசிக்க வேண்டும். அதன் பிறகும் மருந்தை ஏற்றினால்தான் ஊசி ஒவ்வாமை அதிகம். ஆன்டிபாடிச் சோதனை முடிவு வர வாரக்கணக்காகும், யூரிக் அமிலம் அன்றே தெரியும். உங்கள் மருந்துக்கும் இப்படி மருந்தின் வேலையையே காட்டும் எளிய ரத்த அளவீடு ஒன்று இருக்கிறதா என்று தேடுங்கள். பெக் சேர்த்த இன்னொரு நொதி மருந்தான பெக்வாலியேஸ் எடுப்பவர்கள், கடும் ஒவ்வாமைக்கான எபிநெஃப்ரின் ஊசியைக் கூடவே வைத்திருக்க வேண்டும் என்று லேபிளிலேயே எழுதியிருப்பதையும் பாருங்கள். அந்த ஏற்பாடு முதல் கட்டச் சோதனை வார்டிலும் தயாராக இருக்க வேண்டும்.

11. பயோசிமிலர் செய்கிறவர்களுக்கு

இந்தியாவில் பலர் கையில் வருவது பெக்ஃபில்கிராஸ்டிம் பயோசிமிலர்தான், அதாவது மூல மருந்துக்கு ஒப்பாக வேறொரு நிறுவனம் செய்யும் மருந்து. அமெரிக்காவில் முதலில் அனுமதி பெற்ற பெக்ஃபில்கிராஸ்டிம் பயோசிமிலரும் பயோகான், மைலான் கூட்டில் உருவானதுதான், 2018-ல். இங்கே மேலே சொன்ன முழுப் பாதையையும் நடக்க வேண்டாம். மூல மருந்தோடு ஒப்புமையைக் காட்ட வேண்டும்.

ஒப்புமையில் பெக்குக்கு இடம் கொடுங்கள். இணைந்த இடம், இழையின் எடைப் பரவல், இணையாத பெக், இரட்டை இழை ஏறிய மூலக்கூறு ஆகியவை மூல மருந்தின் பல பேட்சுகளோடு ஒத்திருக்க வேண்டும். பெக்கை வேறு சப்ளையரிடம் மாற்றினால் அதை மூலப்பொருள் மாற்றமாக நினைக்காதீர்கள், மருந்தின் பாதி மாறியதாக நினையுங்கள். விலங்கு ஆய்வுக்கு நிறுவன விலங்கு நெறிமுறைக் குழுவின் ஒப்புதலும், மறுசேர்க்கைப் புரதம் என்பதால் ஆர்சிஜிஎம் (மரபணு மாற்ற ஆய்வுகளைப் பரிசீலிக்கும் அரசுக் குழு) அனுமதியும் முன்கூட்டியே வேண்டும். விண்ணப்பத்தில் டோஸ் எழுதும் இடத்தில் 'புரத எடையில்' என்ற இரண்டு சொற்களையும், அடைப்புக்குறியில் பெக் எடையையும் சேர்த்து எழுதுங்கள்.